'மூணு வருஷமா', 'மணிக்கணக்கில்', 'வழி நெடுக': ஆங்கிலத்தில் எந்தப் பிரிபொசிஷன்?

நெடுங்கணக்கு (கேள்வி)

நீண்ட நேரத்தையும் நீண்ட தூரத்தையும் ஆங்கிலத்தில் சொல்வதற்கு ஒரு பயிற்சித்தாள் தயாராகிறது. நாலு வாக்கியங்கள் மட்டும் உதைக்கின்றன.

1. மூணு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்.
2. மணிக்கணக்கில் பேசினார்கள்.
3. அவரைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு.
4. வழி நெடுக மரங்கள்.

முதல் வாக்கியத்துக்குப் பெரும்பாலும் வரும் விடை 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்'. 'ஃபார்' கால அளவுக்கு, 'சின்ஸ்' தொடக்கப் புள்ளிக்கு என்று விதியை ஒப்பித்துவிட்டு மாணவர்கள் அதே தப்பைச் செய்கிறார்கள். எதனால்? இன்னொன்று: 'ஐ வெயிட்டட் டூ ஹவர்ஸ்' என்று 'ஃபார்' இல்லாமல் எழுதினால் சரியா?

பிழைதிருத்தி

கோளாறு 'சின்ஸ்' பக்கம் இல்லை, 'ஃபார்' பக்கம் இருக்கிறது. 'ஃபார்' என்றால் 'க்காக' என்று முதல் வகுப்பிலேயே பதிந்துவிடுகிறது. 'மூணு வருஷமா' என்பதில் 'க்காக' எங்கும் இல்லை. அதனால் அந்தச் சொல் நினைவுக்கே வராது. 'இன்றுவரை தொடர்கிறது' என்ற வாசனை உள்ள 'சின்ஸ்' ஓடிவந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த வேறுபாடு தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. 'மூன்று நாளாக' என்போம், 'மூன்று நாளிலிருந்து' என்று யாரும் சொல்வதில்லை. 'காலையிலிருந்து' என்போம், 'காலையாக' என்பதில்லை. ஆகவே, 'ஆக' வந்தால் 'ஃபார்', 'இலிருந்து' அல்லது 'முதல்' வந்தால் 'சின்ஸ்'. விதியை ஒப்பிக்க வைப்பதைவிட இந்த உருபைப் பார்க்கப் பழக்குங்கள். 'கடந்த மூன்று வருடங்களாக' என்பதும் 'ஃபார் த லாஸ்ட் த்ரீ இயர்ஸ்'தான். 'லாஸ்ட்' வந்த உடனே 'சின்ஸ்' போடுவது தனி வியாதி.

பிரிபொசிஷனை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தினால் போதாது. தமிழில் 'பார்க்கிறேன்' என்ற நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை, பொருளே மாறும். 'ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்றால் மொத்தம் ரெண்டு வாரம் தங்கப்போகிறேன் என்று அர்த்தம். இன்று காலைதான் வந்து இறங்கியிருக்கலாம். 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்றால் வந்து ரெண்டு வாரம் ஆகிவிட்டது. 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் இப்போது வேலையில் இல்லை.

உங்கள் மூன்றாவது வாக்கியம் தமிழில் உடன்பாடு, ஆங்கிலத்தில் எதிர்மறை: 'ஐ ஹேவ்ன்ட் சீன் ஹிம் ஃபார் டூ இயர்ஸ்'. தமிழ் அமைப்பை ஒட்டியே சொல்ல வேண்டுமானால் 'இட்ஸ் பீன் டூ இயர்ஸ் சின்ஸ் ஐ சா ஹிம்'. இங்கே 'சின்ஸ்' ரெண்டு வருஷத்தோடு சேரவில்லை, 'பார்த்தது' என்ற புள்ளியோடு சேர்கிறது. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்ற தப்புக்கு இந்த வாக்கியமும் ஒரு ஊற்று என்று தோன்றுகிறது. காதில் விழும்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

'ஃபார்' இல்லாமல் எழுதலாம். 'வெயிட்டட் டூ ஹவர்ஸ்' சரிதான்.

வேற்றுமை_உருபு

மேலே கடைசி வரிக்கு ஒரு வேலி போட வேண்டும். 'வெயிட்', 'ஸ்டே', 'லிவ்' போன்ற வினைகளுக்குப் பின்னால் நேராக வரும்போது 'ஃபார்' விடலாம். எதிர்மறையில் விடக்கூடாது: 'ஐ ஹேவ்ன்ட் சீன் ஹிம் டூ இயர்ஸ்' தப்பு. கால அளவு வாக்கியத்தின் தலையில் வந்தாலும் விடக்கூடாது. 'ஆல் டே', 'ஆல் வீக்' இவற்றுக்கு நேர்மாறு: 'ஃபார் ஆல் டே' என்று போட்டால்தான் தப்பு. 'ஃபார் த ஹோல் டே' என்றால் பரவாயில்லை.

இரண்டாவது வாக்கியத்தில் பொறி 'இல்' உருபு. 'மணிக்கணக்கில்' என்பதைப் பார்த்து 'டாக்ட் இன் ஹவர்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டியது 'ஃபார் ஹவர்ஸ்'. இடைவிடாமல் என்று அழுத்த 'ஃபார் ஹவர்ஸ் ஆன் எண்ட்'. அதே 'மணிக்கணக்கில் சம்பளம்' என்றால் 'பெய்ட் பை தி அவர்'. அது அளவையின் அலகு, நீட்சி இல்லை.

'ஆன் எண்ட்', 'அட் எ டைம்' இரண்டையும் குழப்பக்கூடாது. 'ஹி டிஸப்பியர்ஸ் ஃபார் டேஸ் அட் எ டைம்' என்றால் அடிக்கடி காணாமல் போகிறார், ஒவ்வொரு தடவையும் பல நாள். 'ஃபார் டேஸ் ஆன் எண்ட்' என்றால் நாள் கணக்கில் அறுபடாமல் தொடர்ந்தது என்பது மட்டும்தான். திரும்பத் திரும்ப நடக்கிறது என்ற பொருள் அதில் இல்லை.

'இன் இயர்ஸ்' என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் மூன்று இடத்தில் மட்டும்: எதிர்மறை ('ஐ ஹேவ்ன்ட் சீன் ஹர் இன் இயர்ஸ்'), 'முதல் தடவை' ('ஃபர்ஸ்ட் டைம் இன் டென் இயர்ஸ்'), மிகைத்தரம் ('த பெஸ்ட் இன் இயர்ஸ்'). எதிர்மறையில் அமெரிக்கர்கள் 'இன்' பக்கம் சாய்வார்கள், பிரிட்டிஷ்காரர்களிடம் 'ஃபார்' அதிகம். 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் இன் இயர்ஸ்' எங்குமே கிடையாது.

மற்றபடி 'இன்' என்றால் முடிந்ததற்கான அளவு. தமிழில் அப்படியே இருக்கிறது: 'ஒரு மணி நேரம் புத்தகம் படித்தேன்', 'ஒரு மணி நேரத்தில் புத்தகத்தைப் படித்தேன்'. முதலாவதில் புத்தகம் முடிந்ததா தெரியாது, அது 'ஃபார் ஆன் அவர்'. இரண்டாவதில் முடிந்துவிட்டது, அது 'இன் ஆன் அவர்'. தத்துவவாதி ஜீனோ வெண்ட்லர் 1957-இல் வினைகளை, அவை காலத்தில் நடக்கும் விதத்தை வைத்து நாலாக வகுத்தாரே, அந்தப் பாகுபாட்டுக்கு இன்றும் எல்லோரும் வைக்கும் சோதனை இந்த 'ஃபார்', 'இன்' ஜோடிதான். 'சாவியைக் கண்டுபிடித்தேன்' போன்ற நொடிப்பொழுது வினைக்கு 'ஃபார் ஆன் அவர்' ஒட்டவே ஒட்டாது, தேடியதற்குத்தான் ஒட்டும்.

நெடுங்கணக்கு

'ஆக', 'இலிருந்து' சோதனை பளிச்சென்று இருக்கிறது, தாளின் முதல் பக்கத்துக்கே போகிறது. 'ட்யூரிங்', 'ஓவர்', 'த்ரூஅவுட்' மூன்றையும் எப்படிப் பிரிப்பது? நாலாவது வாக்கியம் அப்படியே நிற்கிறது.

அளவுகோல்

'ட்யூரிங்' எப்போது என்பதற்கு விடை, எவ்வளவு நேரம் என்பதற்கு இல்லை. 'ட்யூரிங் த்ரீ ஹவர்ஸ்' வராது. 'ட்யூரிங் த மீட்டிங்' வரும். கூட்டத்தின்போது ஒரே ஒரு தடவை தும்மியிருந்தாலும் போதும். 'த்ரூஅவுட் த மீட்டிங்' என்றால் தொடக்கம் முதல் கடைசிவரை. 'ஓவர்' கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதற்கும் மாறுவதற்கும்: 'ஓவர் த இயர்ஸ்' என்றால் வருடங்கள் செல்லச் செல்ல. எதுவும் மாறாமல் அப்படியே இருந்ததற்கு 'ஓவர்' போட்டால் சப்பென்று இருக்கும்.

தூரத்துக்கு வருவோம். 'ஃபார்' நேரத்துக்கும் தூரத்துக்கும் பொது: 'த ரோட் ரன்ஸ் ஃபார் மைல்ஸ்'. 'சின்ஸ்' நேரத்துக்கு மட்டும். பாலத்திலிருந்து என்றால் 'ஃப்ரம் த பிரிட்ஜ்'தான். 'ஃபார் மைல்ஸ் அரவுண்ட்' என்றால் சாலை நீளம் இல்லை, சுற்றுவட்டாரம் முழுக்க.

'வழி நெடுக மரங்கள்' என்பதற்கு 'ட்ரீஸ் ஆல் அலாங் த வே'. ஆனால் 'ஷி நியூ இட் ஆல் அலாங்' என்றால் வழி கிடையாது: அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தமிழ் 'நெடுக' காலத்துக்கும் போகும், 'வாழ்நாள் நெடுக' என்கிறோம். அங்கே 'ஆல் அலாங்' கூடாது, 'த்ரூஅவுட் ஹிஸ் லைஃப்'.

நீளத்தை அளந்து சொல்ல 'த்ரீ மீட்டர்ஸ் லாங்' அல்லது 'த்ரீ மீட்டர்ஸ் இன் லெங்த்'. இரண்டையும் கலந்து 'த்ரீ மீட்டர்ஸ் லாங் இன் லெங்த்' என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கலாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பன்மை 'எஸ்' போய்விடும்: 'எ த்ரீ-மீட்டர் ரோப்', 'எ டூ-அவர் டிலே'.

'அட் லெங்த்' என்பதற்கும் நீளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வினைக்குப் பின்னால் 'ஸ்போக் அட் லெங்த்' என்றால் நெடுநேரம், விரிவாகப் பேசினார். வாக்கியத்தின் தலையில் 'அட் லெங்த், ஹி ஸ்போக்' என்றால் வெகுநேரம் கழித்து ஒருவழியாக வாயைத் திறந்தார். ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கவும் கூடும்.

பிழைதிருத்தி

தாளில் ஒரு ஜோடி விட்டுப்போகிறது. 'திங்கள்வரை' என்றால் 'அன்டில் மண்டே', 'திங்களுக்குள்' என்றால் 'பை மண்டே'. 'ஐ வில் ஃபினிஷ் இட் அன்டில் மண்டே' என்று வந்தால், 'திங்கள்வரை முடிப்பேன்' என்று தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் காதே அதைத் தள்ளிவிடும்.