‘தெறிதுகள் குலைவு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். முனை மழுங்கிய பொருளைச் சுற்றி ஒலியை மிஞ்சிய வேகத்தில் வளிமம் பாயும்போது, அதில் கலந்திருக்கும் துகள்கள் பாய்வைக் கலைத்துவிடுவதற்கு தமிழில் ‘துகள் இடையூறு’ என்ற சொல்லே போதும் என்று இங்கே சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இடையூறு என்றால் ஏதோ ஒன்று வழியில் குறுக்கே நிற்கிறது என்றுதான் படும், நடப்பது அதுவல்ல.

மழுங்கிய முனையில் அதிர்ச்சி அலை, அதாவது வளிமம் சட்டென்று அழுந்தும் மெல்லிய எல்லை, ஒட்டாது, சற்று முன்னால் விலகி நிற்கும். வேகம் மிக அதிகமாக இருந்தால், காற்றில் ஒரு கோளத்துக்கு அந்த இடைவெளி ஆரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான், 10 செ.மீ. ஆரமுள்ள உருண்டைக்கு ஒன்றரை செ.மீ. கூட வராது. அலையைத் தாண்டிய வளிமம் சட்டென்று வேகம் குறைந்து பக்கவாட்டில் வளைந்து போய்விடும். மிக நுண்ணிய துகள்களும் அதோடு ஒதுங்கிவிடும், ஆனால் பருத்தவற்றால் அப்படித் திரும்ப முடியாது, நேரே போய் மேற்பரப்பில் மோதி, தெறித்து, வந்த திசைக்கே எதிர்த்துப் பறக்கும், அவற்றிலும் போதிய நிறையுள்ளது அதிர்ச்சி அலையையே துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்! வெளியே வந்ததும் அதற்கு முன்னால் தனியாக ஒரு குட்டி அதிர்ச்சி அலை உண்டாகும், அதற்கும் பொருளுக்கும் நடுவே வேகம் குறைந்த ஒரு தடம் விழும். அந்தத் தடத்தில் எதிர்த்துத் தள்ள வலு இல்லாததால், உள்ளே அழுந்திக் கிடந்த வளிமம் அதன் வழியே முன்னோக்கிப் பீறிடும். பெரிய அலை கூம்பாகப் புடைத்துக்கொள்ளும். டிரைடன்ட் ஏவுகணையின் மூக்கில் ஏவிய பிறகு ஒரு கம்பி நீளுமே, அது அலையின் உருவத்தை மாற்றுவதைப் போலத்தான். அங்கே இழுவையைக் குறைக்க வேண்டுமென்றே செய்கிறார்கள். இங்கே ஒரு மணல் துணுக்கு நொடிக்கும் குறைவான நேரத்தில் அதைச் செய்துவிட்டு, மேற்பரப்பில் வெப்பத்தையும் கூட்டிவிட்டுப் போகிறது.

அதனால் என் பரிந்துரை ‘தெறிதுகள் குலைவு’. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி தெறிதுகளும் வினைத்தொகை, நடுவில் ஒற்று வேண்டாம். ‘மீள்துகள்’ என்று முதலில் யோசித்தேன், ஆனால் மோதிய வேகம் அதில் இல்லை. தவிர, மேற்பரப்பே அரிக்கப்பட்டு அதிலிருந்து பெயர்ந்து வரும் சில்லுகளும் இதே வேலையைச் செய்யும், அவற்றையும் தெறிதுகள் என்றால் பொருந்தும். ‘குலைவு’க்குப் பதில் ‘கலக்கம்’ என்றால் கொந்தளிப்போடு (turbulence) குழம்பும். வரிசை குலைந்தது, தலைமுடி குலைந்தது என்கிறோம், இருந்த உருவம் கெட்டது என்று அர்த்தம். அலைக்கு நடப்பதும் அதுதான்.

அப்புறம் அந்த விலகி நிற்கும் அலைக்கு ‘வில் அதிர்ச்சி’ என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துவோம். ஆங்கிலத்தில் வில்லுக்கும் கப்பலின் முன்பகுதிக்கும் எழுத்து ஒன்று (bow), பொருள் வேறு. இங்கே குறிப்பது கப்பல் தண்ணீரைக் கிழிக்கும்போது முன்னால் எழும் அலையை. அந்த முன்பகுதிக்கு நம்மிடம் ‘அணியம்’ இருக்கிறது, கடலோரத்துச் சொல். ‘அணிய அதிர்ச்சி’ என்றால் படகு பார்த்த யாருக்கும் படம் கண்ணில் வந்துவிடும்.

ஒலியை மிஞ்சிய வேகத்தில் பாய்வதை ‘மீயொலிப் பாய்வு’ என்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேன் எடுக்கும் செவிக்கெட்டாத ஒலிக்கும் மீயொலி என்றுதான் எழுதுகிறார்கள். நான் மேலே எழுதியதையொட்டி ‘ஒலிமிஞ்சிய பாய்வு’ என்றே வைக்கலாம். நீளம்தான், அதைச் சுருக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.