கணுக்கால் சுளுக்குக்குப் பிறகு ஓட்டம்

கேள்வி: கணுக்கால் சுளுக்கி மாதக்கணக்கில் ஓடவில்லை. இப்போது நடந்தால் வலி இல்லை, வீக்கமும் வடிந்துவிட்டது. பழையபடி 5 கிலோமீட்டர் ஓடலாமா?

பதில் 1: வேண்டாம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலம் பெறும், அதனால் 'இன்னும் ஓடலாம்' என்று தோன்றும் நாளில்தான் பலருக்கும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மொத்தம் 20 நிமிடம் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள்.

பதில் 2: அதற்கு முன்னால் அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். மற்ற காலைவிடச் சீக்கிரம் நடுங்கினால் ஓட்டம் அப்புறம்தான்.

கேட்டவர்: நடுங்குகிறது! சரி, பிறகு ஓடும்போது லேசாக வலித்தால்?

பதில் 1: பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்போ வீக்கமோ கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். கால் அடிக்கடி பிசகினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.