தனியாகப் பால்கன் நாடுகளுக்கு: இலங்கைக் கடவுச்சீட்டுடன் எந்த வழியில் செல்வது?

கேள்வி: வாவிக்கரையாள் (கல்லடி, மட்டக்களப்பு)

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண் நான். அடுத்த ஆண்டு ஜூன் மாத நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு முதுகுப்பையுடன் பால்கன் நாடுகளைத் தனியாகச் சுற்றிவர விரும்புகிறேன். மேற்கு ஐரோப்பாவை விட அங்கே தங்குமிடமும் பஸ் கட்டணமும் மலிவு என்பது ஒரு காரணம். தொண்ணூறுகளின் போர் முடிந்த பிறகு பொஸ்னியாவில் வெவ்வேறு சமூகங்கள் ஒரே ஊரில் எப்படி வாழ்கின்றன என்பதை மொஸ்டாரிலும் சரயேவோவிலும் நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆவல் மற்றொரு காரணம். அந்த ஆவலை நமது மாவட்டத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இணையத்தில் கிடைக்கும் பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எழுதியவை. காலையில் குரோவேசியாவின் டுப்ரோவ்னிக்கில் கோப்பி குடித்துவிட்டு மாலையில் மொண்டெனேக்ரோவின் கொட்டோரில் இறங்கியதாக எழுதுகிறார்களே தவிர, இடையில் இருந்த எல்லையைப் பற்றி அவர்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுடன் போகும் எனக்கு எந்தெந்த நாட்டுக்குத் தனி விசா தேவை, நாடுகளை எந்த வரிசையில் வைத்துக்கொள்வது நல்லது, தனியாகச் செல்லும் பெண் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை அறிய விரும்புகிறேன். மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால் சாப்பாட்டைப் பற்றியும் யாராவது கூறினால் உதவியாக இருக்கும். "என்ன மகள் இது, தனியவா போகப் போறாய்?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார், அவருக்குச் சொல்லவும் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

பதில் 1: படுவான்கரையான் (இப்போது வியன்னாவில்)

வணக்கம் தங்கச்சி. நான் வசிக்கும் தொடர்மாடியில் மேல் வீட்டுக்காரர் பொஸ்னியர், கீழ் வீட்டுக்காரர் செர்பியர். இருவருடைய ஊர்களுக்கும் பல தடவை போய் வந்திருக்கிறேன். பயப்பட எதுவும் இல்லை. பஸ் ஏறினால் போய்விடலாம்.

சரயேவோவுக்குக் குறைந்தது நான்கு நாள்கள் ஒதுக்குங்கள். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பெப்ரவரி வரை அந்த நகரம் முற்றுகையில் இருந்தது. விமான நிலைய ஓடுபாதைக்குக் கீழே தோண்டி, உணவும் மருந்தும் கொண்டு வந்த ஏறத்தாழ 800 மீற்றர் சுரங்கத்தின் ஒரு பகுதியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆள் நிமிர்ந்து நடக்க முடியாத உயரம். ஷெல் விழுந்து சிதறிய பள்ளங்களில் சிவப்புப் பிசின் ஊற்றி நிரப்பியிருப்பதை நடைபாதைகளில் காணலாம். அவற்றைச் "சரயேவோ ரோஜாக்கள்" என்று அழைக்கிறார்கள். விபரம் தெரியாதவர்கள் அவற்றின் மேல் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். 1992 ஓகஸ்ட்டில் எரிக்கப்பட்ட நூலகக் கட்டடம் 2014 இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1981 இல் யாழ்ப்பாணத்தில் நடந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் படிகளில் ஏறும்போது தோன்றுவது வேறு.

மொஸ்டாரில் 1566 இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய பாலம் 1993 நவம்பர் 9 இல் பீரங்கிகளால் வீழ்த்தப்பட்டு, 2004 இல் அதே வடிவில் மீண்டும் எழுப்பப்பட்டது. எல்லோரும் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சற்று மேற்கே நடந்து, முன்னாள் போர்முனையாக இருந்த அகலமான வீதியில் இன்னும் கூரையின்றி நிற்கும் கட்டடங்களையும் பாருங்கள். பொஸ்னியாவின் சில இடங்களில் பொஸ்னியாக் (பொஸ்னிய முஸ்லிம்), குரோவேசியர் ஆகிய இரு சமூகங்களின் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் இரு வேறு பாடத்திட்டங்களின்கீழ் தனித்தனியாகப் படிக்கிறார்கள். பாலத்தைக் கட்டியது போல அதைச் சரிசெய்ய அவர்களால் இன்னும் முடியவில்லை.

ஓர் எச்சரிக்கை. பொஸ்னியாவின் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் இன்னும் கண்ணிவெடிகள் உண்டு. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகளை எங்கே கண்டாலும் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

பதில் 2: கல்முனை வழிப்போக்கன்

வியன்னா அண்ணன் கூறிய இடங்கள் எல்லாம் சரியானவை. "பஸ் ஏறினால் போய்விடலாம்" என்பது மட்டும் ஒஸ்திரியக் கடவுச்சீட்டுக்குத்தான் பொருந்தும். நான் இலங்கைக் கடவுச்சீட்டுடன் அந்த எல்லைகளைக் கடந்தவன். நமக்குப் பயணத்தின் வரிசையைத் தீர்மானிப்பது வரைபடமல்ல, விசாதான்.

முதலில் எந்த நாடு எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிரேக்கம், ஸ்லொவேனியா, 2023 ஜனவரி முதல் குரோவேசியா, 2025 ஜனவரியில் தரை எல்லைகளும் நீங்கி முழுமையாக இணைந்த பல்கேரியா, ருமேனியா ஆகியன ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனையின்றிச் செல்லவிடும் நாடுகள். செர்பியா, பொஸ்னியா, மொண்டெனேக்ரோ, அல்பேனியா, வட மசிடோனியா, கொசோவோ ஆகியன அதற்கு வெளியே உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் தனி விசா எடுக்கப் புறப்பட்டால் பணமும் காலமும் போய்விடும். ஆனால் பலமுறை நுழையக்கூடிய, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால், வெளியே உள்ள இவற்றில் ஐந்து நாடுகள் குறுகிய காலத்துக்கு நம்மைத் தனி விசா இன்றி அனுமதிக்கின்றன: வட மசிடோனியா 15 நாள்கள், பொஸ்னியாவும் மொண்டெனேக்ரோவும் 30 நாள்கள், செர்பியாவும் அல்பேனியாவும் 90 நாள்கள் வரை. அல்பேனியா மேலும் ஒன்றைக் கேட்கிறது: அந்த ஷெங்கன் விசாவை ஏற்கெனவே ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். இந்த விதிகள் மாறுவதுண்டு என்பதால், விமானச் சீட்டு வாங்கும் முன் அந்தந்த நாட்டு வெளிவிவகார அமைச்சின் இணையப் பக்கத்தைப் பார்த்து, அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கிரேக்கத்தில் தொடங்கி வடக்கே ஏறுவதே உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. இஸ்தான்புல் வழியாக ஏதென்ஸில் இறங்கி, தெசலோனிக்கியிலிருந்து பஸ்ஸில் ஸ்கோப்பியே, அங்கிருந்து ஓஹ்ரிட் ஏரி (இரண்டும் வட மசிடோனியா), பிறகு திரானா, ஷ்கோடர் (அல்பேனியா), கொட்டோர், மொஸ்டார், சரயேவோ, கடைசியாக பெல்கிரேட் (செர்பியா); அங்கிருந்து மீண்டும் இஸ்தான்புல் வழியாகக் கொழும்பு. விசாவைக் கிரேக்கத்திடமே கேட்க வேண்டும், ஏனெனில் ஷெங்கன் நாடுகளில் எதில் அதிக நாள்கள் தங்குகிறோமோ அதனிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பாதையில் திரும்பவும் ஷெங்கனுக்குள் நுழையத் தேவையில்லைதான். இருந்தாலும் ஒருமுறை நுழைவு விசா போதாது, ஏனெனில் கிரேக்கத்தை விட்டு வெளியேறியதும் அது செத்த விசாவாகிவிடும். முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் தருகிறார்கள் என்பதால், பலமுறை நுழைவு ஏன் தேவை என்பதை நாடு நாடாக, திகதி திகதியாகக் காட்டும் கடிதமொன்றை விண்ணப்பத்துடன் இணையுங்கள்.

கொட்டோரிலிருந்து மொஸ்டாருக்குச் செல்லும் சில பஸ்கள் குரோவேசியா வழியாகப் போகின்றன. பலமுறை நுழைவு விசா என்றால் அது தடையல்ல, ஆனாலும் மீண்டும் ஷெங்கன் எல்லைகளைக் கடக்க வேண்டிவரும். ட்ரெபினியே வழியாகப் போகும் பஸ்ஸைக் கேட்டு ஏறுங்கள். கொசோவோவை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். அல்பேனியாவிலிருந்தோ வட மசிடோனியாவிலிருந்தோ கொசோவோவுக்குள் நுழைந்தவர்களைச் செர்பியா சட்டவிரோதமாகத் தனது மண்ணுக்குள் வந்தவர்களாகக் கருதுவதால், பிறகு செர்பிய எல்லையில் திருப்பி அனுப்பக்கூடும். உங்களுக்குச் செர்பியா கடைசியில் வருகிறது.

விண்ணப்பம் பற்றி. கட்டணம் 90 யூரோ; 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதி கட்டாயம்; புறப்படுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைவிரல் அடையாளம் கொடுக்க நேரில் எப்படியும் போக வேண்டும். உறவினர்களிடம் கைமாற்று வாங்கி, விண்ணப்பத்துக்குச் சில வாரங்களுக்கு முன் கணக்கில் போட்டுக் காட்டும் வழக்கம் நம்மூரில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், வங்கிக் கூற்றில் திடீரென வந்து நிற்கும் பெருந்தொகையைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். மாதாமாதம் விழும் சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக் கூற்று, விடுப்பு அனுமதித்து வேலையில் வைத்திருப்பதாக நிறுவனம் தரும் கடிதம் ஆகியன சிறிய தொகையாக இருந்தாலும் அதைவிட வலுவானவை. நமது நாட்டிலிருந்து ருமேனியாவுக்கும் குரோவேசியாவுக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் மிகுந்துவிட்ட காலம் இது. தனியாக வரும் இளவயதினர் திரும்பிப் போவாரா என்ற கேள்வி ஒவ்வோர் அலுவலரின் மனத்திலும் இருக்கும்.

எல்லையிலும் அதே கேள்விதான். பஸ் நடத்துநர் எல்லோருடைய கடவுச்சீட்டையும் ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு சாவடிக்குள் போவார். சிறிது நேரத்தில் மற்றவை திரும்பி வந்துவிடும், நம்முடையது வராது. அலுவலர் விசாப் பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பார், தொலைபேசியில் யாரிடமோ பேசுவார், பஸ் முழுவதும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பும் விமானச் சீட்டு, தங்குமிடப் பதிவுகள், காப்புறுதி, மேலே சொன்ன விதியின் அச்சுப் பிரதி ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, கேட்டதும் நீட்டுங்கள். முதுகுப்பையின் அடியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். குடியேறிகள் கடக்க முயலும், பொஸ்னியாவின் பிஹாச் பக்கத்து எல்லைப் பகுதிகளில் நடைபயணம் வேண்டாம்; நம்முடைய முகத்தைப் பார்த்ததும் அங்கே என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பதில் 3: சம்மாந்துறை ராத்தா

எல்லோருக்கும் ஸலாம். சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

எனக்குப் பொஸ்னியாவும் அல்பேனியாவும் இலகுவாக இருந்தன. பன்றி இறைச்சியைத் தவிர்த்தால் போதும் என்றிருந்தேன். தங்கச்சிக்கு நேர்மாறு. சரயேவோவின் புகழ்பெற்ற செவாப்பி பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். ஆனால் அதே கடைத்தெருவில் மாவைத் தாள் போல இழுத்து, உள்ளே எதையாவது வைத்துச் சுருட்டி, தணல் மூடியின்கீழ் வேகவைக்கும் பேஸ்ட்ரி கிடைக்கும். அங்கே "புரெக்" என்று கேட்டால் இறைச்சி வைத்ததைத்தான் தருவார்கள். சீஸ் வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. உருளைக்கிழங்கு வைத்ததை மிளகுத்தூள் வாசத்துடன் சூடாகத் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு குவளைத் தயிரும் தருவார்கள். நான் பகலும் இரவும் அதையே சாப்பிட்ட நாள்கள் உண்டு. செர்பியாவில் "போஸ்னோ" என்று கேளுங்கள். அங்குள்ள கிறிஸ்தவர்களின் நோன்புக்கால உணவு அது, இறைச்சியும் பாலும் முட்டையும் சேராது. மீன் மட்டும் சேரலாம்.

தனியாகப் போன பெண் என்ற வகையில்: தலையில் முக்காடிட்டுச் சென்ற என்னை எவரும் தொந்தரவு செய்யவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். ஹொஸ்டல்களில் பெண்களுக்கு மட்டுமான அறை இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். பஸ்ஸில் பெரிய பையைக் கீழே வைக்கச் சில்லறை கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல, வழமை. சரயேவோவிலிருந்து பெல்கிரேட் பஸ்களில் பல கிழக்குச் சரயேவோ நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன, நகர நடுவிலுள்ள நிலையத்துக்குப் போய் நின்றுவிடாதீர்கள். இரவில் புதிய ஊரொன்றில் இறங்காதவாறு பஸ் நேரத்தைத் தெரிவுசெய்வது மட்டுமே நான் கண்டிப்பாகக் கடைப்பிடித்த விதி. அம்மாவுக்குத் தினமும் பேச, மேற்கு பால்கன் நாடுகள் ஆறில் ஏதாவது ஒன்றில் சிம் வாங்குங்கள். அந்த ஆறுக்குள்ளும் 2021 ஜூலை முதல் ரோமிங் கட்டணம் இல்லை. கிரேக்கம் அதில் சேராது.

வாவிக்கரையாள்

மூவருக்கும் மிக்க நன்றி. டுப்ரோவ்னிக்கை நடுவில் வைத்துத் திட்டம் போட்டிருந்தேன். அதை நீக்கிவிட்டுக் கிரேக்கத்திலிருந்து தொடங்கும் வழியையே எடுக்கிறேன். அல்பேனியாவில் தெத் கிராமத்திலிருந்து வல்போனாவுக்கு மலை கடந்து நடப்பதைப் பற்றிப் படித்தேன். ஜூன் கடைசியில் தனியாக நடப்பது சரியா?

கல்முனை வழிப்போக்கன்

சரி. கணவாய் ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் தொடக்கம் வரை மேலே பனி கிடக்கலாம், கடைசியில் பெரும்பாலும் பாதை திறந்திருக்கும். ஆறு முதல் எட்டு மணித்தியால நடை. கோடையில் அந்தப் பாதையில் ஆட்கள் இருந்துகொண்டே இருப்பார்கள், எனவே முழுத் தனிமை என்று சொல்ல முடியாது. தங்கும் வீட்டில் முதல்நாள் இரவே யார் யார் புறப்படுகிறார்கள் என்று கேட்டு அவர்களுடன் சேர்ந்துகொள்ளுங்கள். பெரிய பையை ஷ்கோடர் ஹொஸ்டலில் விட்டுவிட்டு, கடவுச்சீட்டை மட்டும் உடலோடு வைத்திருங்கள். திரும்பும்போது கோமான் ஏரிப் படகில் வாருங்கள். அல்பேனியாவில் ஊர்களுக்கிடையே ஓடும் வேன்கள் பல, நம்மூர் வேன்களைப் போலவே, ஆள் நிறைந்த பிறகுதான் கிளம்பும். வெகு நேரத்தோடு போய் இருக்கை பிடியுங்கள். இன்னொன்று, செர்பியாவுக்குள் நுழைந்து 24 மணித்தியாலத்துக்குள் தங்குமிடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். ஹொஸ்டலில் தங்கினால் அவர்களே செய்வார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்வித்துக்கொள்ளுங்கள்.