மூட்டைக்கு வராத வலி

வேலூரில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் நான், என்னிடம் வந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நேதாஜி மார்க்கெட்டில் ஐம்பது கிலோ வெங்காய மூட்டையை அநாயாசமாகத் தோளில் ஏற்றுகிறவர் அவர். இடுப்பு பிடித்துக்கொண்டதோ, கீழே விழுந்த பீடிக்கட்டை எடுக்கக் குனிந்தபோது. "மூட்டைக்கு வராத வலி இதற்கு எப்படி சார் வரும்?" என்றார்.

தசைகளை நீக்கிவிட்டு இடுப்புப் பகுதி முதுகெலும்பை மட்டும் சோதித்த ஆய்வகங்களில், சுமார் 90 நியூட்டன் பாரத்திலேயே, அதாவது ஏறத்தாழ 9 கிலோ எடைக்கே, அது வளைந்து நிலைகுலைந்தது. மேலே மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் சுவாசத் தசையான உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், வயிற்றைச் சுற்றி டிரான்ஸ்வெர்சஸ் என்னும் ஆழத்தசை, பின்னால் முள்ளெலும்புகளைப் பிணைக்கும் மல்டிஃபிடஸ் ஆகியவை உரிய நேரத்தில் இறுகுவதால்தான் நாம் நிமிர்ந்து சுமக்கிறோம். மூட்டை என்றால் உடல் முன்கூட்டியே ஆயத்தமாகிவிடும். பீடிக்கட்டுக்கு யார் ஆயத்தமாவார்கள்? அவருக்கு நேர்ந்தது இதுவே என்பது என் கணிப்பு.

ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், கையை உயர்த்தும்போது தோள்தசைக்கு முன்பே டிரான்ஸ்வெர்சஸ் சுருங்குவதையும், முதுகுவலி உள்ளவர்களுக்கு அது தாமதமாவதையும் பதிவு செய்தார்கள். என்னிடம் வந்தவரைப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்ளே விரல்களை அழுத்தி, அடிவயிற்றை மெல்ல உள்ளிழுக்கச் சொன்னேன். வலப்பக்கம் விரலுக்கடியில் மென்மையான இறுக்கம் பரவியது. இடப்பக்கத்திலோ ஆழத்தசைக்குப் பதிலாக மேல்தசை புடைத்து விரலை வெளியே தள்ளியது.

வலி தணிந்ததும் அவர் வருவதை நிறுத்தப் பார்த்தார். வலி நீங்கினாலும் மெலிந்துபோன மல்டிஃபிடஸ் தானாகப் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை என்பதை அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு காட்டியிருப்பதால், நான் விடவில்லை. அதற்காக, நாள் முழுவதும் வயிற்றை எக்கிக்கொண்டே நடக்கச் சொல்லும் ஜிம் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. ஆழத்தசைகளைத் தனித்துப் பயிற்றுவிப்பது மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று பின்வந்த ஆய்வுத் தொகுப்புகளும் நிறுவவில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சியைத்தான் கொடுத்தேன். மூச்சை அடக்காமலிருக்க, வாய்விட்டு எண்ணச் சொன்னேன்.

இதைப் படித்த எங்கள் குழுவின் மற்றோர் உறுப்பினர், பேரணாம்பட்டிலிருந்து எழுதிய பதில்:

மூச்சைப் பற்றி நீங்கள் எழுதியது என் அம்மாவுக்கு அப்படியே பொருந்துகிறது. மடியில் முறத்தை வைத்து மணிக்கணக்கில் பீடி சுற்றிவிட்டு எழுகையில் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். இடுப்பில் சுரீரென்று இழுக்கும். சுவாசத்துக்கும் முதுகைத் தாங்குவதற்கும் ஒரே உதரவிதானம்தான் என்று விளக்கிய மருத்துவர், மூச்சை வெளியே விட்டபடி எழச் சொன்னார். இப்போது "உஸ்" என்று சத்தமாக விட்டுக்கொண்டு எழுகிறார். இழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது.