இருவர் பிடிக்கும் ஒரே சுருதி: ட்ரோன் இசை கேட்ட குமரி மாவட்டத்து அனுபவங்கள்

ஆரல்வாய்மொழியிலிருந்து

கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப், இசைக்கலைஞர் பிரையன் ஈனோ என்ற இருவர் சேர்ந்து 1973இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டைக் கேட்டவர்கள் நம் மாவட்டத்தில் இருந்தால் எழுதுங்கள். தட்டின் முதல் பக்கம் முழுவதும் ஒரே துண்டு, ஏறத்தாழ 21 நிமிடம். தாளம் இல்லை, பாட்டு இல்லை. இந்த வகைக்கு ட்ரோன் இசை என்று பெயர். ஒரு சுருதியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதற்குள் நடக்கும் சின்னச் சின்ன மாற்றங்களைக் கேட்க வைப்பார்கள். பலருக்கு இது இசையாகவே தோன்றாது என்று தெரியும். என் வீட்டிலேயே தோன்றவில்லை.

நான் காற்றாலைப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் காற்றாலையைக் கண்ணால் பார்க்கிறார்கள். நாங்கள் காதால் பார்க்கிறோம். பழைய 250 கிலோவாட் இயந்திரம் நல்ல காற்றில் நிமிடத்துக்கு நாற்பது சுற்று வாக்கில் சுற்றும். மூன்று இறக்கைகள் என்பதால் நொடிக்கு இரண்டு முறை ‘உஷ், உஷ்’ என்று கோபுரத்தைக் கடக்கும். அதற்கு அடியில் கியர்பெட்டியின் முனகல். அதற்கும் அடியில் ஜெனரேட்டரின் ரீங்காரம். பல்சக்கரம் தேயத் தொடங்கினால் அந்த முனகலில் ஒரு கரகரப்பு சேரும். அதைக் கேட்டுத்தான் பாதி நோயைக் கண்டுபிடிக்கிறோம். ஒரே ஒலியை நாள் முழுக்கக் கேட்டு, நேற்றைக்கும் இன்றைக்கும் அதில் என்ன மாறியிருக்கிறது என்று தேடுவதே பிழைப்பாக இருப்பவனுக்கு இந்த இசைத்தட்டு கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காற்று ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனியில்தான் எங்களுக்குப் பராமரிப்பு வேலை அதிகம். அப்படி ஒரு மதியம், நின்றுபோன காற்றாலையின் நிழலில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டேன். சிறிது நேரம் கிட்டார் எங்கே என்று தேடினேன். பிறகு எல்லாமே கிட்டார்தான் என்று புரிந்தது.

அவர்கள் செய்த வித்தை எளிமையானது. ரெவாக்ஸ் ஏ77 டேப் ரெக்கார்டர்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்தார்கள். முதல் கருவியில் பதிவாகும் நாடா அங்கேயே சுற்றிக்கொள்ளாமல் இரண்டாவது கருவிக்கு ஓடும். இரண்டாவது கருவி அதை ஒலிக்கச் செய்து மறுபடியும் முதல் கருவிக்கே அனுப்பும். ஆக, ஃபிரிப் ஒரு முறை மீட்டியது சில நொடிகள் கழித்துத் திரும்பி வரும். கொஞ்சம் மங்கி வரும். அதன் மேல் அவர் இன்னொன்றை மீட்டுவார். அதுவும் திரும்பும். கருவிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டினால் திரும்பி வரும் நேரமும் கூடும். இந்த உத்தி அவர்கள் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் டெரி ரைலியும் பாலின் ஓலிவெரோஸும் 1960களிலேயே நாடாவை இப்படிப் பயன்படுத்தியிருந்தார்கள்.

1972 செப்டம்பரில் லண்டனில் ஈனோவின் வீட்டில் இந்த முதல் பக்கத்தைப் பதிவு செய்தபோது மீட்டியவர் ஃபிரிப் மட்டுமே. எதைத் தங்கவிடுவது, எதை மங்கவிடுவது என்று பார்த்துக்கொண்டது ஈனோ. ஆனாலும் அட்டையில் இருவர் பெயரும் சமமாக இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். உங்கள் அனுபவம் என்ன?

மார்த்தாண்டத்திலிருந்து

தம்பி, நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டுகிறவன். நீங்கள் சொல்லும் இந்த ரீங்காரத்தை (நாங்கள் ஹம் என்போம்) ஒலிபெருக்கியிலிருந்து விரட்டுவதற்குத்தான் எனக்குக் காசு கொடுக்கிறார்கள். எர்த் சரியில்லாவிட்டால் நீங்கள் சொல்லும் இசை தானாகவே வரும். அப்போது விழாக் கமிட்டிக்காரர்கள் வந்து ரசிப்பதில்லை, திட்டுகிறார்கள்.

இருந்தாலும் நீங்கள் சொன்னதற்காகத் தேடிக் கேட்டேன். பாதியில் தூக்கம் வந்துவிட்டது. அதோடு ஒரு செய்தியும் படித்தேன். இந்த இசையை பிபிசி வானொலியில் போட்டபோது நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டார்களாம், முடிவிலிருந்து தொடக்கத்துக்கு. கதை அத்தோடு நிற்கவில்லை. 2008இல் மறுவெளியீடு செய்தபோது தலைகீழ் வடிவத்தையும் சேர்த்தே விற்றார்கள். பாதி வேகத்தில் ஓடுவதையும் சேர்த்தார்கள். வில்லுப்பாட்டுப் பதிவு ஒன்றைத் தலைகீழாக ஓட்டிப் பாருங்கள், முதல் நொடியிலேயே கூட்டம் எழுந்துவிடும். எப்படி ஓட்டினாலும் ஒன்றுபோல இருக்கிற பொருளை ரசிக்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் ஜப்பானியரான ரியூச்சி சகாமோட்டோவும் ஆல்வா நோட்டோ என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியர் கார்ஸ்டன் நிக்கோலையும் சேர்ந்து செய்ததை அப்படித் தள்ள முடியவில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிலிப் ஜான்சன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய கண்ணாடி வீடு ஒன்று இருக்கிறது. 2016இல் அதன் சுவர்க் கண்ணாடிகளில் தொடு மைக்குகளை ஒட்டி, ரப்பர் தலை வைத்த கோலால் கண்ணாடியைத் தேய்த்து ஒலி எழுப்பியிருக்கிறார்கள். வீட்டையே வாத்தியமாக்கிவிட்டார்கள். 2018இல் அது வெளியானது. தொடு மைக் என்றால் காற்றில் வரும் ஓசையைப் பிடிக்காது. ஒட்டிய பொருளின் அதிர்வை மட்டும் பிடிக்கும். இது என் துறை என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய கடிகார அலாரத்திலிருந்து, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகட்டைக் கழற்றி, வயர் பற்றவைத்து, கடை ஷட்டரில் ஒட்டி ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துக் கேட்டேன். சாலையில் லாரி போகும்போதெல்லாம் ஷட்டர் முழுக்க ஓர் உறுமல் எழும்பி, லாரி போன பிறகும் அடங்க நேரம் எடுத்தது. பக்கத்துப் பேக்கரிக்காரர் வந்து என்ன பழுது என்று கேட்டார். பழுதில்லை, ஷட்டர் பாடுகிறது என்றேன். அவர் பிறகு என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

என் தீர்ப்பு இதுதான். கையும் பொருளும் உரசுகிற இடம் கேட்டால் இசை. லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு பேர் கைகட்டி நிற்கிற பதிவுகளும் நிறைய வருகின்றன. அவற்றுக்கு என் கடை ஹம்மே மேல்.

சுசீந்திரத்திலிருந்து

மார்த்தாண்டம் அண்ணாச்சியின் ஷட்டர் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் ‘கைகட்டி நிற்கிறவர்’ என்ற பேச்சு எனக்கு வலிக்கிறது. என் பாட்டா ஒத்து ஊதியவர்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒத்து தெரியாது. பார்வைக்கு நாதஸ்வரம் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்க முடியாது. கீழே இருக்கும் சில துளைகளை மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு கச்சேரி முடியும்வரை ஒரே ஸ்வரம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்து, இடைவெளி விழாமல் ஊத வேண்டும். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் ராக ஆலாபனையில் நின்று மூச்சு வாங்கலாம். ஒத்துக்காரர் நிற்கக் கூடாது. நோட்டீஸில் நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார் என்று போடுவார்கள். ஒத்து யார் என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக்கூட எங்கள் வீட்டுப் பெட்டியில் நான் பார்த்ததில்லை. பிறகு சுருதிப் பெட்டி வந்தது, மின்சாரச் சுருதி வந்தது. சம்பளம் கேட்காது, மூச்சு வாங்காது என்பதால் ஒத்து போயே போய்விட்டது.

ஆகையால் ஆரல்வாய்மொழி அண்ணன் சொன்ன அந்த அட்டை விஷயம் எனக்கு உடனே புரிந்தது. இதைவிடத் தெளிவான ஒரு பதிவு இருக்கிறது. லா மான்டே யங், மரியன் ஸசீலா என்ற அமெரிக்கத் தம்பதி கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் சீடர்களாக இருந்தவர்கள். அவர்கள் இருவரும் குருவின் தம்புராக்களை மீட்டுவதை 1982இல் பதிவு செய்து, 1999இல் குறுந்தகடாக வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல். பாடகர் வரவே மாட்டார். தம்புரா மட்டும்தான்!

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுச் சோறு பரிமாறாதது போல இருந்தது. ஆனால் பாடகர் வரமாட்டார் என்று முடிவாகிவிட்ட பிறகு காது வேறு எங்கே போகும்? தந்திக்குள்ளேயே போனது. தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூல் (ஜீவா என்போம்) சரியான இடத்தில் இருந்தால் ஒரே தந்தியிலிருந்து மேலே மேலே பல ஸ்வரங்கள் அவிழ்ந்து வரும். கச்சேரிகளில் தம்புரா எப்போதும் கூடவே இருக்கிறது. அதனாலேயே அதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவைக் கேட்ட பிறகு சபையில் பாடகரை விட்டுவிட்டுத் தம்புராக்காரரையே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இது நல்லதா என்று தெரியவில்லை.

அண்ணாச்சியின் கண்ணாடி வீட்டுக்கு ஒரு பதில். எங்கள் தாணுமாலயன் கோயிலில் இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒரே கல்லில் குடைந்த மெல்லிய தூண்களின் கொத்து. தட்டினால் தூணுக்குத் தூண் ஸ்வரம் மாறும். ஆனால் கல்லைத் தட்டினால் ஸ்வரம் பிறந்த உடனே இறந்துவிடும். நீண்டு நிற்க வேண்டும் என்றால் தேய்க்க வேண்டும், ஊத வேண்டும், அல்லது வில் போட வேண்டும். கண்ணாடியைத் தட்டாமல் தேய்த்தார்கள் பாருங்கள், அந்த ஒரு முடிவில்தான் அது மணியோசையாகாமல் சுருதியாகியிருக்கிறது. அதற்காகக் கோயில் தூணில் யாரும் ரப்பர் கோலோடு போய்விடாதீர்கள்.

குளச்சலிலிருந்து

கடல் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். அப்பாவின் ஃபைபர் வள்ளத்தில் இரண்டு எஞ்சின். இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டினாலும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. அப்போது ‘வ்வோம்… வ்வோம்…’ என்று ஓசை ஏறி இறங்கும். அப்பா அதற்கு “இரண்டும் பிணங்குகின்றன” என்பார். ஒரு எஞ்சினின் திராட்டிலைக் கொஞ்சம் தொட்டால் அலை நீளமாகும். இன்னும் தொட்டால் நின்றே போகும். படித்த பிறகுதான் கணக்கு தெரிந்தது. ஓர் ஒலி நொடிக்கு 110 அதிர்வு, மற்றது 110.5 என்றால் வித்தியாசம் அரை. இரண்டு நொடிக்கு ஒரு முறை ஒலி பெருகி அடங்கும். எந்த எஞ்சினும் அந்த அலையை உண்டாக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததால் மட்டுமே பிறந்தது.

ஸ்டார்ஸ் ஆஃப் தி லிட் என்ற இருவர் குழுவைக் கேட்டபோது இதுதான் நினைவுக்கு வந்தது. ஆடம் வில்ட்ஸி, பிரையன் மெக்பிரைட். டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்தவர்கள். கிட்டாரை மீட்டும் அந்த முதல் ‘டங்’ ஓசையை வெட்டிவிட்டு, அதற்குப் பின்னால் வரும் இழுவையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதனால் கிட்டாரா, வயலினா, ஆர்கனா என்று சொல்ல முடியாது. பிறகு ஒருவர் பிரஸ்ஸல்ஸிலும் மற்றவர் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு, பதிவுகளைத் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பி வேலை செய்திருக்கிறார்கள். 2001இலும் 2007இலும் வந்த அவர்களுடைய தொகுப்புகள் இரண்டு இரண்டு குறுந்தகடுகள். 2023இல் மெக்பிரைட் இறந்துபோனார். அதன் பிறகு அந்தத் தொகுப்புகளில் எந்த இழை அவருடையது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன். முடியவில்லை. எஞ்சின் அலையைப் பிரித்து இது இடதுபக்கத்தது, இது வலதுபக்கத்தது என்று சொல்ல முடியுமா?

அப்பாவுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, “எஞ்சின் நல்லா இணைந்திருக்கிறது, ஆனால் வள்ளம் எங்கேயும் போகவில்லையே” என்றார்.

குலசேகரத்திலிருந்து

ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன் போகிறவன் நான். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகும்போது இந்த இசை பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். பாம்பு, பன்றி எல்லாம் நடமாடும் இடம் என்பதால் காதை அடைக்க முடியாது. போனைச் சட்டைப் பையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை! கொசு ரீங்காரம் மாதிரி மேலே ஏதோ கேட்டது. அவ்வளவுதான். என் போனில் குறையா, இசையில் குறையா?

ஆரல்வாய்மொழியிலிருந்து மறுபடியும்

போனிலும் குறையில்லை, இசையிலும் குறையில்லை. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் 200 அதிர்வுக்குக் கீழே உருப்படியாக எதையும் தர முடியாது. சினிமாப் பாட்டில் அது பெரிதாகத் தெரியாது, குரல் மேலே இருக்கிறது. ட்ரோன் இசையின் அஸ்திவாரமே அந்தக் கீழ்த்தளத்தில்தான். வீட்டில் பழைய டேப் ரெக்கார்டரின் மரப்பெட்டி ஸ்பீக்கர் இருந்தால் அதில் போனை இணைத்துக் கேளுங்கள். சத்தத்தைக் கூட்ட வேண்டாம். தோட்டத்தில் கேட்க வேண்டாம், பாம்பு முக்கியம்.

மார்த்தாண்டம் அண்ணாச்சிக்கு ஒன்று. நீங்கள் விரட்டும் அதே ஹம்மை விரட்டாமல் வைத்துக்கொண்டவர்தான் சுசீந்திரம் தங்கை சொன்ன லா மான்டே யங். சின்ன வயதில் மின்மாற்றிகளின் ரீங்காரத்தைக் கேட்டு வளர்ந்தவர். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி என்பதால் 1960களில் தன் குழுவின் சுருதியையே அதற்கு இணக்கமாக அமைத்துக்கொண்டார். நம் ஊர் மின்சாரம் 50. மின்மாற்றி அதன் இரண்டு மடங்கில், அதாவது 100 அதிர்வில் முனகும். எனவே அவருடைய பதிவை நம் வீட்டில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இரண்டு சுருதியும் ஒட்டாது. குளச்சல் தம்பியின் அப்பா வந்துதான் திராட்டிலைத் திருக வேண்டும்.