கிரான் (நிலப் பட்டா) யார் பேரில் இருக்கிறது?

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில், பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபம்) நடந்த நெடுஞ்சாலை விளக்கக் கூட்டத்துக்குப் போய்வந்தேன். மலேசியாவின் ஜொகூரில் செடெனாக் முதல் சிம்பாங் ரெங்கம் வரை நான்கு தடத்தை ஆறாக்க 931 மில்லியன் வெள்ளி என்று 2024 பட்ஜெட்டிலேயே சொல்லியிருந்தார்கள். பெருநாள் நெரிசலில் பிள்ளைகளோடு அங்கே நின்றவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டோம்.

நம்மவர்கள் கேட்டதெல்லாம் நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைப் பற்றித்தான். ரதம் நுழைவதற்காகக் கலசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போவோமே, அந்தச் சதுரப் பொந்து. மழை பெய்தால் கணுக்கால் தண்ணீர். சாலை அகலமானால் பொந்தும் நீளும். "விளக்குப் போடுங்கள், தண்ணீர் வடிய வழி பண்ணுங்கள், ஆனால் தரையை மட்டும் உயர்த்தாதீர்கள், ரதம் இடிக்கும்" என்று கோயில் தலைவர் எழுதியே கொடுத்துவிட்டார். (கோயிலுக்குக் கிரான் கிடையாது, தோட்ட நிலம். அந்தக் கதைக்குத் தனி மடல் வேண்டும்.)

நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு. மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் சிவப்புக் கோடு எங்கள் செம்பனை நிலத்தின் ஓரத்தைத் தொடுகிறது. பட்டியலில் அந்த லாட்டுக்கு நேராகத் தாத்தா பேர். அவர் இறந்து 26 வருஷம். விலாசம், ஐந்தாம் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்). லயத்தை இடித்து மரம் நட்டாயிற்று. நோட்டீஸ் வந்தால் செம்பனைதான் கையெழுத்துப் போட வேண்டும்! கீழே இன்னும் நாலைந்து லாட்டில் உங்கள் தாத்தாக்கள் பேரையும் பார்த்தேன்.

1960 நில எடுப்புச் சட்டத்தில் போராங் (படிவம்) ஏ வருவது ஆரம்பம்தான். போராங் டி வந்துவிட்டால் எடுப்பது உறுதி, அப்புறம் தொகையைப் பற்றித்தான் பேச முடியும். அந்தப் பேச்சுக்கான விசாரணைக்குக் கூப்பிடுவது போராங் ஈ, குறைந்தது 21 நாள் தவணை. போகும் நிலத்தின் சந்தை விலை மட்டுமில்லை, மிச்ச நிலம் வழியில்லாமல் துண்டாக நின்றால் அந்த நஷ்டத்தையும் அங்கே கேட்கலாம். கேட்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தொகை போதாது என்று ஆட்சேபம் சொல்ல போராங் 'என்' (N). விசாரணைக்குப் போனவர்களுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம்தான். ஆட்சேபம் சொல்லாமல் பணத்தை வாங்கிவிட்டால் கதை முடிந்தது.

வாங்க உரிமையுள்ள ஆள் இல்லையென்றால் பணம் கோர்ட்டில் போய் உட்காரும். அதனால் பேர் மாற்றும் வேலையை இப்போதே தொடங்குங்கள். சின்னச் சொத்தென்றால் 1955 சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே பங்கீடு செய்துகொள்ளலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் வாரிசுகள் எல்லாருடைய ஐசியும் (அடையாள அட்டை) விவரமும் வேண்டும். ஒருவர் பெர்த், ஒருவர் லண்டன், சித்தப்பா பேசுவதே இல்லை என்றால் இதற்கே ஒரு வருஷம் ஓடிவிடும்.

பட்டியலைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். லாட் எண் கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். லண்டன் பெரியப்பா, தாத்தாவின் மரணச் சான்றிதழ் உங்கள் பழைய தகரப் பெட்டியில் இருப்பதாக அத்தை சொல்கிறார். கொஞ்சம் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.