சின்ன மோட்டார் பட்டறைக்கு ஆராய்ச்சிக்கென்று அரசுப் பணம் கிடைக்குமா?

பட்டறைக்காரன்:
கோவையில் மோட்டார் பட்டறை நடத்துகிறேன். என் ஒருவன் பெயரில் உள்ள புரொப்ரைட்டர்ஷிப்தான், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறது. சோலார் பம்ப்புக்கான பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மோட்டாரையும் அதை ஓட்டும் கன்ட்ரோலர் போர்டையும் நாங்களே செய்து பார்க்கிறோம். மோட்டார் நன்றாக வந்துவிட்டது. போர்டுதான் படுத்துகிறது. காலையில் ஒழுங்காக ஓடும், உச்சி வெயிலில் முழு லோடு ஏறியதும் கரண்ட்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் சூடாகி டிரிப் ஆகிவிடும், ஹீட் சிங்க்கைப் பெரிதாக்கினால் பெட்டிக்குள் அடங்குவதில்லை. புது டிசைனுக்கும் லேப் டெஸ்ட்டுக்கும் பணம் வேண்டும். மெஷின் வாங்க என்றால் பேங்கில் கடன் தருகிறார்கள், சோதனை செய்து பார்க்க என்றால் கையை விரிக்கிறார்கள். ஆடிட்டர் டிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சித் துறை) அங்கீகாரம் வாங்கச் சொல்கிறார், நண்பர் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் நிதியான டான்சீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். எதில் இறங்கலாம்?

வரவுசெலவு:
டிஎஸ்ஐஆர் இப்போதைக்கு வேண்டாங்க. வருமானவரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவில் ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் செலவழித்தால் வருமானத்தில் 200 ரூபாயாகக் கழித்துக்கொள்ள முடிந்த காலம் ஒன்று இருந்தது, 2017 ஏப்ரலில் அதை 150 ஆக்கினார்கள், 2020 ஏப்ரலில் 100. அதுவும் கம்பெனிகளுக்கு மட்டும். அங்கீகாரம் வேண்டுமென்றால் உற்பத்தியிலிருந்து பிரித்த ஆராய்ச்சிப் பிரிவு, அதற்கென்று ஆட்கள், தனிக் கணக்கு எல்லாம் காட்ட வேண்டும். நம்ம ஊர்ப் பட்டறையில் காலையில் ஆர்டர் மோட்டாருக்கு வைண்டிங் போடுகிறவரேதான் சாயங்காலம் புது ஸ்டேட்டரைச் சுற்றிப் பார்க்கிறார், அந்த இரண்டு மணி நேரத்தை யார் பதிவேட்டில் எழுதுகிறார்கள்? தனியார் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதில்லை என்று ஒவ்வொரு வருடமும் பேசுகிறார்கள், இந்த மாதிரி வேலை அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

இன்குபேட்டர்_ஆள்:
டான்சீட் நல்ல திட்டம்தான், 10 லட்சம், பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம் என்றால் 15 லட்சம், பதிலுக்குச் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும், புரொப்ரைட்டர்ஷிப்புக்கு அது கிடையாது. சரி, பட்டறையை பிரைவேட் லிமிடெட்டாக மாற்றிவிடலாம் என்று அவசரப்படாதீர்கள், ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ தொடங்கினால் அது ஸ்டார்ட்அப் ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது.

உங்களுக்குப் பொருந்துவது இரண்டு. ஒன்று, தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சர், ஆரம்பக்கட்ட மாதிரிக்கு 2 லட்சம் வரை, அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரை. இன்னொன்று மத்திய அரசின் நிதி பிரயாஸ் திட்டம், 10 லட்சம் வரை, இதைத் தனி ஆளாகவே கேட்கலாம். முதலில் பிஎஸ்ஜி ஸ்டெப் மாதிரி ஒரு இன்குபேட்டரில் (புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் மையம்) போய்ப் பேசுங்கள். போர்டு சூடாகும் கதையை மறைக்காமல் சொல்லுங்கள், எந்த வெப்பத்தில் எத்தனை ஆம்பியரில் டிரிப் ஆகிறது என்ற அளவுகளோடு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியைப் பற்றி யாராவது சொல்வார்கள், அது நீண்டகாலக் கடனும் பங்கு முதலீடும், இந்த அளவுத் தேவைக்கு வராது.

அப்புறம், கோவை கொடிசியா தொழில் கண்காட்சியில் வைப்பதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பெரிய கம்பெனிக்கு 8,000 ரூபாய், உங்களுக்கு ஆன்லைனில் 1,600தான். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு.

சூலூர்_பம்ப்:
அண்ணா, மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் மானியம் தவணையாகத்தான் வரும், அதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். எங்களுக்கு ஒரு திட்டத்தில் இரண்டாம் தவணை வருவதற்குள் போர்டில் போட்டிருந்த சிப்பே சந்தையில் கிடைக்காமல் போய், வேறு சிப்புக்குத் தகுந்த மாதிரி மறுபடி வரைந்தோம். அதனால் மோட்டாரைச் சோதிக்கும் டைனமோமீட்டர் எல்லாம் வாங்காதீர்கள், சிடார்க்கில் கட்டணம் கட்டி டெஸ்ட் எடுங்கள், உள்ளூர்ப் பம்ப்செட் தொழிலுக்கென்றே வந்த லேப் அது.

இன்னொன்றும் யோசியுங்கள். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், கரண்ட் மிச்சமாகும் என்று சொல்லி கரண்ட் பம்ப் வைத்திருக்கிறவரிடம் விலை கூடின மோட்டாரை விற்க முடியாது. வாங்கப்போவது மத்திய அரசின் குசும் திட்டத்தில் 60 சதவீத மானியத்தில் சோலார் பம்ப் போடுகிறவர்கள்தான். அதற்கு எம்என்ஆர்இ (மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம்) விவரக்குறிப்பின்படி டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும். டிசைனை அந்த விவரக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போடுங்கள்.

பட்டறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. கம்பெனியாக மாற்றும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன், ஆடிட்டர் பேப்பர் தயார் செய்துகொண்டிருந்தார். முதலில் வவுச்சருக்குப் போடுகிறேன். லேப் டெஸ்ட் கட்டணத்தை அந்த வவுச்சர் பணத்தில் காட்டலாமா?

இன்குபேட்டர்_ஆள்:
காட்டலாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் விண்ணப்பத்திலேயே டெஸ்ட் செலவைத் தனி வரியாகப் போட்டு, லேபின் கொட்டேஷனை இணைத்துவிடுங்கள். பின்னால் சேர்க்கப் போனால் இழுத்தடிக்கும்.